கடைமடைக்கு வராத கரண்டு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு "கணினிப் பராமரிப்பு". அது பெரிய தலைப்புங்க. எல்லாத்தையும் பேசினால் ஒண்ணும் மனசில் நிற்காது. அதனால ஒரே ஒரு சாமானைப் பத்தி மட்டும் பேசறேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால, கரண்டு ஒயரைச் சொருகற இடத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதுக்குள்ளே ஒரு ஃபேன் ஓடும். அதுக்குப் பேரு எஸ்எம்பிஎஸ். சில பேர் பவர் சப்ளைன்னும் சொல்வாங்க. போன வருசம் நம்ம எம்பிராய்டரி யூனிட்டில் அஞ்சு வாரம் வேலை கெட்டதுக்கும், ஒரு சின்னப் புள்ளை மேல வீண்பழி விழுந்ததுக்கும் காரணம் இந்தத் தகரப் பெட்டிதான்.

விசயம் தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். நம்ம யூனிட்டில் இருப்பது பழைய கம்ப்யூட்டர். கணக்கு எழுத, அறிக்கை டைப் பண்ண என்று வாங்கினது. அப்புறம் திருப்பூரிலிருந்து குழந்தைத் துணிக்கு எம்பிராய்டரி ஆர்டர் வந்தது. டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டு, பென் டிரைவில் ஏத்தி மெஷினுக்குக் கொடுக்கணும். கம்பெனி அனுப்பற படம் ஒரு திரையில், நாம போடற டிசைன் இன்னொரு திரையில் இருந்தால் வேலை சுளுவு என்று இன்னொரு மானிட்டர் வாங்கினோம். அதுக்குக் கிராபிக்ஸ் கார்டு வேணும் என்று கடையில் சொல்லி, பழைய கார்டு ஒண்ணை அவங்களே மாட்டியும் கொடுத்தாங்க.

ஒரு வாரம் கூட ஆகலை. டிசைன் போட்டுட்டு இருக்கும்போதே பட்டுனு திரை கருத்து, கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சேமிச்சு வைக்காத வேலை எல்லாம் போச்சு. ஆனா கணக்கு எழுதற அக்கா உட்கார்ந்தால் நாள் முழுக்க நல்லா ஓடும். டிசைன் போடற புள்ளை உட்கார்ந்தால்தான் நிக்கும். பிளஸ் டூ முடிச்சுட்டு வேலைக்கு வந்த புள்ளைங்க அது. "நாங்க உக்காந்தா ஓடுது, நீ உக்காந்தா நிக்குது. என்னத்தையோ தட்டிப்புடறே" என்று பேச்சாயிடுச்சு. அது பதில் சொல்லத் தெரியாம அழுதுட்டே டிசைன் போட்டுச்சு.

கடைக்குத் தூக்கிட்டுப் போனோம். ரெண்டு நாள் வெச்சிருந்துட்டு, "எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு, மதர்போர்டுதான் போச்சு. ப்ராசசரோட சேர்த்து மாத்தணும், 9,500 ரூபாய் ஆகும்" என்றார்கள். கூட்டத்தில் இதைப் பேசினபோது, பாதித் தொகையை அந்தப் புள்ளையோட கூலியில் மாசாமாசம் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. தீர்மான நோட்டில் எழுதறதுக்கு முன்னால நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். வங்கி நடத்தற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் படிச்சவ நான். படிச்சதை அன்னைக்குப் பயன்படுத்தாம வேற எப்பப் பயன்படுத்தறதுங்க?

முதல்ல செய்தது, ஒரு நோட்டு வெச்சதுதான். கம்ப்யூட்டர் எப்போ நின்னாலும் மணி என்ன, யார் உட்கார்ந்திருந்தாங்க, என்ன வேலை நடந்தது என்று எழுதணும். ரெண்டு நாளில் 11 தடவை நின்னுது. பதினொண்ணும் பெரிய டிசைனைத் திறந்து பெருசாக்கிப் பார்க்கும்போது. அதில் நாலு தடவை உட்கார்ந்திருந்தது நான். கணக்கு எழுதும்போது ஒரு தடவை கூட இல்லை. ஆக, ஆளைப் பார்த்து நிக்கலை, வேலையைப் பார்த்து நிக்குது. வேலை கனமானால் நிக்குது.

கனமான வேலையில் நிக்குதுன்னா சந்தேகப்பட நாலு இடம் இருக்கு. வெளியிலிருந்து வர்ற ஈ.பி. கரண்டு, நடுவில் இருக்கிற யுபிஎஸ், உள்ளே சூடு, அப்புறம் இந்த எஸ்எம்பிஎஸ். மதர்போர்டு இதுக்கெல்லாம் பின்னாடிதான். காசு செலவில்லாததை முதலில் பார்க்கணும், காசு பிடிக்கறதைக் கடைசியில் பார்க்கணும்.

ஈ.பி. கரண்டைச் சந்தேகப்பட நம்ம ஊரில் நியாயம் உண்டு. பக்கத்திலேயே தறிக்குடோன். கரண்டு போய் வந்ததும் எல்லாத் தறியும் ஒண்ணா எடுத்தால் விளக்கு மங்குது, நாம பார்க்கறதுதானே. தறிக்கு வர்ற எலக்ட்ரீசியன் தம்பியை விட்டு அளந்து பார்க்கச் சொன்னேன். பிளக் பாயிண்டை நீங்க யாரும் அளக்காதீங்க, பழக்கம் இல்லாத கைக்கு அது ஆபத்து. தறி ஓடும்போதும் 210-க்குக் கீழே இறங்கலை. கம்ப்யூட்டருக்கு அது தாராளம். அடுத்தது யுபிஎஸ். அதில் 600 விஏ என்று போட்டிருக்கும், பக்கத்தில் சின்னதாக 360 வாட் என்று இருக்கும். அந்த 360-தான் நமக்குக் கணக்கு. ரெண்டு மானிட்டரும் கம்ப்யூட்டரும் சேர்த்து அதையே முட்டிட்டு நிக்குதோ என்று, யுபிஎஸ்ஸைக் கழட்டிட்டு நேராச் சுவத்தில் சொருகிப் பார்த்தோம். அப்பவும் நின்னுது. அப்போ யுபிஎஸ் மேல குத்தமில்லை.

உள்ளே திறந்தால் பஞ்சுங்க. ப்ராசசர் மேல இருக்கிற ஃபேனுக்கு அடியில் மெத்தை மாதிரி படிஞ்சிருக்கு. எஸ்எம்பிஎஸ் ஃபேன் சல்லடையில் அரை விரல் கனம். வெள்ளகோவிலில் தறி ஓடற வீதியில் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் இதேதான் இருக்கும். மத்த ஊர்க்காரங்க வருசத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணினால் போதும், நாம மூணு மாசத்துக்கு ஒருக்காப் பண்ணணும். வெளியில் கொண்டு போய், ஒயரை எல்லாம் கழட்டிட்டு, ஃபேன் சுத்தாம விரலால் பிடிச்சுக்கிட்டு ப்ளோயர் அடிக்கணும். டயர் கடைக் காத்து வேண்டாம், அதில் தண்ணி கலந்து வரும். சுத்தம் பண்ணினதில் சத்தம் குறைஞ்சுது, சூடு குறைஞ்சுது. ஆனால் நிக்கறது நிக்கலை! முன்னே அரை மணிக்கு ஒருக்கா நின்னது இப்போ ஒரு மணிக்கு ஒருக்கா ஆச்சு, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விசயம் கவனிக்கணும். விண்டோஸ் கோளாறு என்றால் பெரும்பாலும் நீலத் திரை வந்து ஏதாவது எழுத்துக் காட்டும். இது சொல்லாம கொள்ளாமப் போகுது. திரும்ப வந்ததும் விண்டோஸின் பதிவேட்டில் போய்ப் பார்த்தால் "கெர்னல் பவர் 41" என்று எழுதியிருக்கு. ஒழுங்கா மூடாமலே நான் நின்னுட்டேன் என்று அது எழுதி வைக்கிற குறிப்பு. ஏன் நின்னதுன்னு அதுக்குத் தெரியாது. அவ்வளவு சடுதியில் போயிருக்கு.

இப்போ எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வரேன். சுவத்திலிருந்து வர்ற 230 வோல்ட்டைக் கம்ப்யூட்டர் அப்படியே சாப்பிடாது. அதைச் சின்னச் சின்னதாகப் பிரிச்சுக் கொடுக்கிறது இதோட வேலை. மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட், ஆரஞ்சில் 3.3 வோல்ட். கறுப்பு எல்லாத்துக்கும் பொதுவான திரும்பற வழி. 1995-ல் இன்டெல் கம்பெனி கொண்டு வந்த ஏடிஎக்ஸ் என்கிற முறை இது. அதனால எந்தக் கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தாலும் இந்த நிறம் பெரும்பாலும் மாறாது. சில புது மாடல்களில் எல்லா ஒயரையும் கறுப்பாகவே போட்டுடறாங்க, அதில் மட்டும் நிறத்தை நம்பக் கூடாது.

நம்ம பழைய எஸ்எம்பிஎஸ் மேல கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. 450 வாட் போதாதான்னு நீங்க கேட்பீங்க. கடைக்காரரும் அதைத்தான் கேட்டார். நம்ம பி.ஏ.பி. வாய்க்காலை நினைச்சுப் பாருங்க. திருமூர்த்தி அணையிலிருந்து இத்தனை கன அடி திறந்தாச்சு என்று பேப்பரில் வருது. நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வெச்சு விடறாங்க. ஆனா வெள்ளகோவில் கிளை வாய்க்கால் கடைமடையில் இருக்கிற தோட்டத்துக்காரரைக் கேளுங்க, அணையில் எவ்வளவு திறந்தாங்க என்பது அவருக்கு எதுக்கு? தன் மடைக்கு எவ்வளவு வருதுங்கறதுதான் அவருக்குக் கணக்கு. அதுக்காக எத்தனை மறியல், எத்தனை உண்ணாவிரதம் நம்ம ஊர் பார்த்திருக்கு. இந்த 450-ம் அணையில் திறந்த கணக்கு. ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிக்கிறது 12 வோல்ட் மடையில். அந்த மடைக்கு எவ்வளவு வருதுன்னு பார்க்கணும்.

அதுக்கு அந்தக் கொட்டை எழுத்துக்குக் கீழே இருக்கிற சின்னக் கட்டத்தைப் படிக்கணும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். நம்மதில் இருந்ததைச் சொல்றேன். 3.3 வோல்ட்டுக்கு 22 ஆம்பியர், பெருக்கினால் 72.6. 5 வோல்ட்டுக்கு 25 ஆம்பியர், 125 வாட். 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர், 168 வாட். அப்புறம் மைனஸ் 12 என்று ஒண்ணு, 6 வாட். கம்ப்யூட்டர் அணைஞ்சிருக்கும்போதும் கொஞ்சம் உயிரோட வெச்சிருக்கிற 5 வோல்ட், 10 வாட். எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. 381.6 வருது. 450 எங்கே போச்சு? அவங்க ஒட்டின காகிதத்தில் இருக்கிற கணக்கே அவங்க எழுதினதோட ஒத்துப் போகலை. நம்ம குழுக் கணக்கில் இப்படி எழுதினால் தணிக்கைக்கு வர்றவங்க விடுவாங்களா? அதோட, எல்லா மடையும் ஒரே நேரத்தில் முழுசா ஓடாது, அதனால அந்த 381-ம் நிசத்தில் கிடைக்காது.

செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். நம்ம ப்ராசசருக்குப் புத்தகப்படி 65 வாட். அதுக்கு வேண்டிய சின்ன வோல்ட்டாக மதர்போர்டு மாத்திக் கொடுக்கறதில் வர்ற நட்டத்தையும் சேர்த்தால் 75. கிராபிக்ஸ் கார்டு முழுசா வேலை செய்தால் 95. ஹார்ட் டிஸ்க் 10, ஃபேன்களுக்கு 5. மொத்தம் 185 வாட், கிட்டத்தட்ட எல்லாம் 12 வோல்ட் மடையில். வரவு 168. பதினேழு வாட் துண்டு விழுது. வெள்ளகோவிலில் துண்டுக்குப் பஞ்சமில்லைதான், ஆனா இந்தத் துண்டு நமக்கு வேண்டாம்.

கணக்கு எழுதும்போது ஏன் ஓடுச்சு என்பதுக்கும் இதில் பதில் இருக்கு. அப்போ கிராபிக்ஸ் கார்டும் ப்ராசசரும் பாதி தூக்கத்தில் இருக்கு, ரெண்டும் சேர்ந்தே அறுபது எழுபது வாட்தான் குடிக்கும். பெரிய டிசைனைத் திறந்தால் ரெண்டும் ஒண்ணா எழுந்திரிக்குது. கேஸ் அடுப்பில் சிலிண்டர் தீர்ற சமயம் ஒரு பர்னர் நல்லா எரியும், ரெண்டாவதைப் பத்த வெச்சால் ரெண்டும் சோர்ந்து போகும், அது மாதிரி.

5 வோல்ட்டுக்கு இவ்வளவு அள்ளிக் கொடுத்துட்டு 12-க்கு ஏன் கஞ்சத்தனம் என்று பயிற்சியில் நானே கேட்டேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் 5-லும் 3.3-லும் தான் ஓடினது. 2000-த்தில் பென்டியம் 4 வந்த பிறகு ப்ராசசருக்கு 12 வோல்ட்டிலிருந்து எடுக்க ஆரம்பிச்சாங்க. மதர்போர்டில் தனியாக நாலு முள் இருக்கிற மஞ்சள் கறுப்பு சாக்கெட் இருக்கே, அது அதுக்குத்தான் வந்தது. ஆனா விலை குறைஞ்ச சில எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ளே பழைய அமைப்பையே வெச்சுட்டு வெளியில் ஒட்டற காகிதத்தில் மட்டும் வாட்டை ஏத்திடறாங்க. பழைய பாவில் புது விளிம்பு கட்டின மாதிரி.

இன்னொரு அடையாளமும் கண்ணெதிரிலேயே இருந்தது. அந்தக் கார்டுக்கு ஆறு முள் இருக்கிற தனி ஒயர் வேணும். மதர்போர்டு சாக்கெட் வழியா ஒரு கார்டு 75 வாட் வரைக்கும்தான் எடுக்கலாம். அதுக்கு மேல வேணும்னால் அந்த ஆறு முள் ஒயரில் இன்னொரு 75. நம்ம எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயரே கிடையாது. கடையில் ரெண்டு சாதாரண ஒயரைச் சேர்த்து ஆறு முள்ளாக மாத்தற அடாப்டர் ஒண்ணைப் போட்டு விட்டிருந்தாங்க. ஒயரே இல்லைன்னா அந்தக் கனத்தைத் தூக்க அது செய்யப்படலை என்று அர்த்தம். சோடி மாடு பூட்ட வேண்டிய வண்டியில் கயித்தை மட்டும் நீளமாக் கட்டினால் மாடு வந்துடுமா?

காகிதக் கணக்கு போதாது, நிரூபிக்கணும் இல்லீங்களா? ஒரு புள்ளையோட கூலி சம்பந்தப்பட்டது. ரெண்டு சோதனை செய்தோம்.

முதல் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. கார்டைக் கழட்டி வெச்சுட்டு, மதர்போர்டில் இருக்கிற சாக்கெட்டில் ஒரு மானிட்டரை மட்டும் சொருகினோம். அதே புள்ளை, அதே டிசைன். மூணு நாள் ஓடுச்சு. ஒரு தடவை கூட நிக்கலை. மதர்போர்டு போயிருந்தால் அது எப்படிங்க மூணு நாள் ஓடும்? கடையில் சொன்னதை நம்பி அதை மாத்தியிருந்தாலும், அதே எஸ்எம்பிஎஸ், அதே கார்டு. மறுபடி நின்னுருக்கும். 9,500 ரூபாயும் போயிருக்கும், அந்தப் புள்ளை மேல பழியும் அப்படியே இருந்திருக்கும்.

அந்தக் கார்டே கெட்டுப் போயிருக்கலாமே என்று பொருளாளர் அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. அதுக்குத்தான் ரெண்டாவது சோதனை, மல்டிமீட்டர். கார்டை மறுபடி மாட்டினோம். டிசி 20 வோல்ட்டில் வெச்சு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சும்மா தொங்கற நாலு முள் ஒயரில் கறுப்பில் கறுப்பு முனை, மஞ்சளில் சிவப்பு முனை. முனை வழுக்கி ரெண்டு முள்ளை ஒண்ணாத் தொடக் கூடாது, அதில் மட்டும் கவனம். கம்ப்யூட்டர் ஓடிட்டு இருக்கணும், வேலையும் நடந்துட்டு இருக்கணும். 12 வோல்ட் என்றால் 11.4-லிருந்து 12.6 வரைக்கும் இருக்கலாம், நூத்துக்கு அஞ்சு ஏத்த இறக்கம் ஒத்துக்குவாங்க. கார்டு இல்லாதப்ப 12.02 காட்டினது, கார்டை மாட்டிச் சும்மா வெச்சிருந்தப்ப 11.71. அந்தப் புள்ளை டிசைனைத் திறந்தது. 11.5. பெருசாக்கினது. 11.3, 11.2. அதோட திரை கருத்துப் போச்சு. எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க. "அடப் பாவமே, கண்ணு முன்னாடியே இறங்குதே" என்று முன்னே அந்தப் புள்ளையைப் பேசின அக்காவே சொன்னாங்க.

அப்போ இன்னொண்ணும் பார்த்தோம். 12 இறங்க இறங்க, சிவப்பு ஒயரில் 5 வோல்ட் ஏறினது, 5.22 வரைக்கும். விலை குறைஞ்ச எஸ்எம்பிஎஸ்ஸில் ரெண்டையும் சேர்த்து ஒரே பிடியில் வெச்சிருப்பாங்க. தராசு மாதிரி, ஒரு தட்டு தாழ்ந்தால் இன்னொண்ணு தூக்கும். கார்டு கெட்டிருந்தாலும் 12 இறங்கலாம், அதையும் ஒத்துக்கணும். அதனால பக்கத்துக் குழுவில் நல்லா ஓடிட்டு இருந்த பெரிய எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, அதே கார்டுக்குக் கொடுத்துப் பார்த்தோம். அன்னைக்குப் பூராவும் நிக்கலை. கார்டு மேலயும் குத்தமில்லை என்று தீர்ந்தது.

கடையில் ஏன் எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்குன்னாங்க? பொய் சொன்னதாக நான் சொல்ல மாட்டேன். தனியாக் கழட்டி வெச்சு, பச்சை ஒயரையும் கறுப்பையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் ஓட ஆரம்பிக்கும். ஃபேன் சுத்தும், மீட்டர் 12 காட்டும். பல இடத்தில் அதோட விட்டுடறாங்க. அது சுமையே ஏத்தாத வண்டி. மேட்டில் ஏறுமா என்பது சுமை ஏத்தினால்தானே தெரியும்.

வோல்ட் குறைஞ்சால் மெல்ல மங்காம ஏன் பட்டுனு நிக்குதுன்னு தறி ஓட்டறவங்களுக்குச் சட்டுனு புரியும். ஊடை நூல் அறுந்தால் தறி தானா நின்னுடும் இல்லீங்களா? துணி கெடக் கூடாதுன்னு வெச்ச ஏற்பாடு அது. அதே மாதிரி, சாம்பல் நிற ஒயர் ஒண்ணு மதர்போர்டுக்குப் போகுது. "கரண்டு சரியா இருக்கு" என்று எஸ்எம்பிஎஸ் அது வழியாச் சொல்லிட்டே இருக்கும். அந்தச் சொல் நின்ன அடுத்த நொடி கம்ப்யூட்டர் எல்லாத்தையும் விட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கும்.

வயசும் ஒரு காரணம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயும் மதர்போர்டிலும் கெப்பாசிட்டர் என்று சின்னச் சின்ன உருளைங்க இருக்கும். சூட்டில் உள்ளே இருக்கிற திரவம் காய்ஞ்சு அதோட பலம் குறையும். மதர்போர்டில் இருக்கிறதை வெளியிலிருந்தே பார்க்கலாம், தலை தட்டையா இருந்தால் நல்லது, உப்பியிருந்தால் போச்சு. 2000-த்தை ஒட்டின வருசங்களில் இந்த உருளைங்க உலகம் பூராவும் உப்பி வெடிச்சு லட்சக்கணக்கான கம்ப்யூட்டர் கெட்டுச்சு. நம்ம மதர்போர்டில் எல்லாம் தட்டையாத்தான் இருந்தது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளே இருக்கிறதைப் பார்க்கணும்னு அந்தத் தகரப் பெட்டியைத் திறக்காதீங்க. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன். உள்ளே ஒரு பெரிய உருளையில் 300 வோல்ட்டுக்கு மேல சேர்ந்து நிக்கும். ஒயரைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். அதோட இன்னொண்ணு. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுர்ருனு இருக்குதா? "அது அப்படித்தான், செருப்புப் போட்டுக்கோ" என்று விட்டுடாதீங்க. பிளக்கில் எர்த் வரலை என்று அர்த்தம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பண்ணிட்டு அப்புறம் உட்காருங்க.

கூட்டத்தில் ரெண்டு வழி வெச்சேன். ஒண்ணு, கார்டைக் கழட்டிப் போட்டுட்டு ஒரே மானிட்டரில் வேலை செய்யறது, செலவு ஒண்ணுமில்லை. ரெண்டாவது, நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கறது. டிசைன் போடற புள்ளையையே கேட்டோம். ரெண்டு திரை இருந்தால் நாளைக்கு ரெண்டு டிசைன் கூட முடியும்னு சொல்லுச்சு. ஆர்டர் கையில் இருந்தது, அஞ்சு வாரப் பாக்கியும் இருந்தது. வாங்கறதுன்னு தீர்மானம் ஆச்சு.

வாங்கும்போது கடையில் கொட்டை எழுத்தைப் பார்க்காம, "12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்?" என்று கேட்டேன். கடைக்காரர் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, அட்டைப் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். புதுசும் 450 வாட்தான். ஆனா 12 வோல்ட்டுக்கு 34 ஆம்பியர், 408 வாட். பழசுக்கும் இதுக்கும் மேல எழுதியிருக்கிற எண் ஒண்ணுதான், மடை ரெண்டு மடங்குக்கு மேல. ஆறு முள் ஒயரும் அதிலேயே இருந்தது. 2,400 ரூபாய், ஜிஎஸ்டி பில்லோட, மூணு வருச வாரண்டி. "80 பிளஸ்" என்ற முத்திரையும் இருந்தது. சுவத்திலிருந்து எடுக்கறதில் நூத்துக்கு எண்பதாவது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும், வீணாச் சூடாகறது குறைவு என்பதுக்கான முத்திரை அது. 2004-ல் அமெரிக்காவில் ஆரம்பிச்சது. அது இருந்தால் நல்லது, ஆனா அதை மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க, ஆம்பியரைப் பாருங்க. மாட்டின பிறகு அளந்தோம். சும்மா இருக்கும்போது 12.05, பெரிய டிசைன் ரெண்டு திரையிலும் திறந்திருக்கும்போது 11.96. அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவை கூட நிக்கலை.

கூலிப் பிடித்தம் என்ற பேச்சைக் கைவிட்டதாகத் தனித் தீர்மானமே எழுதினோம். வாயால் சொன்னால் போதாதா என்று கேட்டாங்க. பழி மட்டும் எல்லார் முன்னாடியும்தானே சொன்னாங்க, அதனால இதுவும் எழுத்தில் இருக்கட்டும் என்றேன். தலைவி அக்கா ஒத்துக்கிட்டாங்க.

லேப்டாப்புக்கும் இது உண்டான்னு பின்னாடியிலிருந்து ஒரு அக்கா கேட்கறாங்க. கவர்மெண்டு கொடுத்த லேப்டாப் பல வீட்டில் இருக்கு, நல்ல கேள்விதான். அதில் எஸ்எம்பிஎஸ்ஸின் வேலையை வெளியில் இருக்கிற சார்ஜர் செய்யுது. அதிலும் கட்டம் இருக்கும். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருந்தால் 65 வாட். சார்ஜர் கெட்டால், வோல்ட் அதே அளவு இருக்கணும், ஆம்பியர் அதே அளவு அல்லது கூட இருக்கணும். குறைஞ்சதைப் போட்டால் சார்ஜ் ஏறாது, சூடாகும்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை இன்னொரு குழுவுக்குக் கொடுத்துடலாமா என்று கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். நமக்கு ஆகாததை அவங்க தலையில் கட்டக் கூடாது. பழைய இரும்புக்காரருக்கும் போடலை, செம்புக்காக ஒயரைக் கொளுத்துவாங்க, அந்தப் புகை கெடுதல். மின்னணுக் கழிவு சேகரிக்கிற வண்டி வந்தப்ப அதில் போட்டாச்சு.

மல்டிமீட்டர் கூட்டமைப்பு ஆபீஸ் பீரோவில், மேல் தட்டில் இருக்கு. எந்தக் குழுவுக்கு வேணும்னாலும் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போகலாம். அளக்கத் தெரியலைன்னா நம்ம டிசைன் புள்ளையைக் கூப்பிடுங்க, அதுக்கு இப்போ என்னை விட நல்லாவே அளக்க வருது. எடுத்துட்டுப் போறவங்க வேலை முடிஞ்சதும் மறக்காம ஆஃப் பண்ணி வையுங்க, போன மாசம் ஆன்லேயே இருந்து பேட்டரி தீர்ந்து போச்சு.